பீரோ புறப்படும் நேரம்

பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அவள் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. கழிப்பறைக்கும் நேரக்காப்பாளர் அறைக்கும் இடையில் ஒடுக்கமாக ஓர் அறை. படுத்தால் கால் வெளியே நீளும். உள்ளே ஒரு மேசை, மேசைமேல் ஒரு மைக், மைக்கின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். சன்னல் கண்ணாடிக்கு எவரோ எப்போதோ பச்சைப் பெயிண்டைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊரே கேட்கப் பேசு என்றால் பேசிவிடுவாள்.

அடுத்த அறையிலிருந்து நேரக்காப்பாளர் சுவரில் தட்டி, "துறைமுகம் வண்டி, மூணாவதுல" என்று குரல் கொடுப்பார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்துவாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் போதும், நிலையமே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரை உதட்டருகிலேயே நிறுத்துவான். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு மேலே பார்ப்பார்கள். மூன்றாவது நடைமேடை என்று அவள் சொன்னால் மூட்டை முடிச்சோடு, பிள்ளை குட்டியோடு ஒரு கூட்டமே அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடும். பெயிண்டை நகத்தால் சுரண்டிக் கண் அளவுக்கு ஓர் ஓட்டை செய்து வைத்திருந்தாள். அதில் கண்ணை வைத்து அந்த ஓட்டத்தைப் பார்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. தான் ஒரு வார்த்தை சொன்னோம், அது ஒருவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான் அந்தச் சந்தோஷம்.

ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை மைக்கக்கா என்று கூப்பிட்டார்கள்.

வீட்டில் மைக்கும் இல்லை, அக்காவும் இல்லை. வாசலறையில் புருஷனின் தையல் மெஷின். காலையில் மிதிக்க ஆரம்பித்தால் சாயங்காலம்தான் காலை எடுப்பார். எது சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரு "ம்". தலைவலி என்றாலும் "ம்", தண்ணீர் வரவில்லை என்றாலும் "ம்", வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் பரிசோதித்துப் பார்த்தாள், அதற்கும் ஒரு "ம்". அடுத்த அறையில் மாமியாரும் டிவியும். டிவிக்குள் இருக்கும் மருமகள் சுவரோரமாய் நின்று முணுமுணுத்தால்கூட அந்த அம்மாளுக்குக் கேட்கும்; கேட்டுக் கண்ணீர்கூட வரும். டிவிக்கு வெளியே நிற்கும் மருமகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் காதில் எந்நேரமும் ஒயர்.

கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அடித்தது கிடையாது, திட்டியது கிடையாது. திட்ட வேண்டுமென்றால் முதலில் அவள் அங்கே நிற்பது தெரிய வேண்டுமே.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சமையலறையில் நிற்கும் பீரோ நகர வேண்டும்.

அது அவள் நாத்தனாருடைய பீரோ. மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், நாத்தனார் வீடு மாற்றும்போது, "ரெண்டே நாள்தான், ஓரமா நிக்கட்டும்" என்று கொண்டுவந்து இறக்கியது. வேறு எங்கும் இடம் இல்லாததால் சமையலறையின் ஒரே சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. ரெண்டு நாள் முடியவே இல்லை. நாத்தனார் அதற்குப் பிறகு பல வீடு மாறிவிட்டாள், வேறு பீரோ வாங்கிவிட்டாள், இப்படியொன்று இருந்ததையே மறந்துவிட்டாள். பீரோ பூட்டியே கிடந்தது. சாவி போன இடம் தெரியவில்லை. இடித்தால் உள்ளே ஏதோ கடகடவென்று உருளும். அவள் தனியாகத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். அதன் கால்கள் நாளாவட்டத்தில் தரைச் சிமெண்டுக்குள் இறங்கிவிட்டிருந்தன. பகலிலும் பல்பைப் போட்டுக்கொண்டுதான் சமைக்க வேண்டும். அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்றுகூட அவளுக்கு நினைவில்லை. ஒரு மரம் இருந்ததாக ஒரு நினைப்பு. அது காலண்டரில் பார்த்த மரமாகவும் இருக்கலாம்.

"ஏங்க, அந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

"ம்."

அந்த "ம்"மில் சம்மதம் இருக்கும், பிரியம்கூட இருக்கும். பீரோ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் சும்மா இருக்கும் நேரங்களில் அவள் பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பாள். கெஞ்சலாக ஒரு முறை, கோபமாக ஒரு முறை, சிரித்துக்கொண்டே ஒரு முறை. எந்தத் தினுசில் சொன்னால் மெஷின் நிற்கும் என்று ஓர் ஆராய்ச்சி.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், ஆற்றுப்பாலம் வழியாகப் போகும் வண்டியை அறிவித்துவிட்டு விரலை எடுத்தாள். பொத்தான் மேலே வரவில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவள் கவனிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அலுப்பும் ஆசையும் சரிக்குச் சரியாகக் கலந்த குரலில் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்துங்களேன். எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன். காதுலயே விழலையா?"

ஒலிபெருக்கி கட்டிய கம்பத்துக்குக் கம்பம் அது கேட்டது.

நிலையத்தில் ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் இருவர் அல்ல, உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களும். வாயில் சோற்றை வைத்திருந்த ஓட்டுநர் ஒருவர் சோற்றோடு எழுந்தார். ஒவ்வொருவருக்கும் அது தன் வீட்டிலிருந்து வந்ததாகத்தான் பட்டது. பக்கத்தில் பெண்டாட்டி இருந்தவர்களுக்கு விலாவில் ஓர் இடி வேறு கிடைத்தது. "கேட்டீங்கல்ல? அப்புறம் என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

பேருந்து நிலையத்தில் பீரோவுக்கு எங்கே போவது? தேடினார்கள். நேரக்காப்பாளர் அறையில் ஒன்று இருந்தது.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க."

"யாருய்யா நீங்கள்லாம்?"

"ஒண்ணுமில்ல சார். பீரோவை நகர்த்தச் சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல" என்றார்.

நகர்த்திவிட்டுப் போய்விட்டார்கள். மனப்பாரம் இறங்கிய முகத்தோடு அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நேரக்காப்பாளர் பற்களைக் கடித்துக்கொண்டு மைக்கக்காவைத் திட்டுவதற்காக எழுந்தார். எழுந்தவரின் முதுகில் காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தார். பீரோ இருந்த இடத்தில் ஒரு சன்னல். அப்படியொரு சன்னல் அந்த அறைக்கு இருப்பது அவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாசலில் வந்து நின்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பட்டன் மாட்டிக்கிச்சு சார்" என்றாள். "மன்னிச்சிடுங்க."

"ஏம்மா" என்றார் அவர் கண்ணைத் திறக்காமலே. "இங்க காத்து வருதும்மா."

அதோடு போயிருந்தால் சரி. மறுநாள் ஒரு நடத்துநர் அறைக் கதவருகே வந்து நெளிந்தான். "அக்கா, நேத்து வீட்டுல சமையலைப் பத்திக் கொஞ்சம் வாய் நீண்டுபோச்சு. அவ இன்னைக்கு அம்மா வீட்டுக்குப் போறா. பச்சைச் சேலை, ரெண்டாவதுல நிக்கிறா. நான் சொன்னா காது குடுக்க மாட்டா. நீங்க ஒரு வார்த்தை…"

அவள் வழக்கமான குரலில்தான் சொன்னாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரண்டாவது நடைமேடையில் பச்சைச் சேலையுடன் காத்திருக்கும் பயணிக்கு ஓர் அறிவிப்பு. நேற்று உங்கள் சமையலைப் பற்றிச் சொல்லப்பட்ட கருத்து ரத்து செய்யப்படுகிறது. பயணிகளுக்கு ஏற்பட்ட மனவருத்தத்திற்கு வருந்துகிறோம்."

பச்சைச் சேலைக்காரி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். கொசுவத்தைச் சரி செய்துகொண்டாள். "சரி, சரி" என்று ஒலிபெருக்கிக்கே பதில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அப்புறம் சொல்ல வேண்டுமா? அறை வாசலில் ஆள் குறையவில்லை. மகனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல ஒரு தாய், மாமனாரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்ல ஒரு மருமகன், என்ன சொல்வது என்று தெரியாமலே "எதையாவது சொல்லுங்கக்கா, அவர் காதுல விழுதான்னு பார்க்கணும்" என்று வந்த ஒரு புதுப்பெண். நேரக்காப்பாளர் மேலதிகாரிகளுக்குப் பயந்து இதையெல்லாம் நிறுத்த வேண்டுமென்று தினமும் நினைப்பார். அவர் மனைவி ஊருக்குப் போகும் நாளில் அவரே சுவரைத் தட்டினார்.

"ஏம்மா. நம்ம வீட்டுக்காரம்மா கிளம்புறா. சீக்கிரம் வந்துடச் சொல்லணும். நானா சொன்னா நல்லாருக்காது."

"நேரக்காப்பாளரின் மனைவி அவர்கள்" என்று அவள் அறிவித்தாள், "குறித்த நேரத்திற்கு முன்னதாகவே வந்து சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். தாமதம் ஏற்பட்டால் நிர்வாகம் தாங்காது."

வண்டிச் சன்னலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டி முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

தேநீர்க் கடைக்காரர் ஒரு நாள் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார். "உங்க வீட்டுல கொடுத்து வச்சவங்கக்கா. நீங்க ஒண்ணு சொன்னா நாலு பேரும் துள்ளி எழுந்திருப்பாங்க இல்ல?"

அவள் தேநீரை ஊதுவதுபோல் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அன்று சாயங்காலம் சமையல் முடிந்திருந்தது. சாப்பிட வாங்க என்று வழக்கம்போல் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சொன்னாள். வழக்கம்போல் ஒரு "ம்", ஒரு டிவி, ஒரு ஒயர். திரும்பி வந்து சமையலறை நிலையில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். நிலைக்கட்டையில் ஓர் ஆணித் தலை இருந்தது. அதைப் பொத்தானைப்போல் அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

மெஷின் நின்றது. டிவி அடங்கியது. மகள் ஒயரைப் பிடுங்கினாள்.

"சமையலறையிலிருந்து இரவு உணவு இன்னும் சற்று நேரத்தில் புறப்படத் தயாராக உள்ளது. பயணிகள் தத்தம் தட்டுகளுடன் முதல் நடைமேடைக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

வந்தார்கள். ஓடி வந்தார்கள். மாமியார் வீட்டுக்குள்ளேயே செருப்பைத் தேடினாள். புருஷன் முதலில் வந்து, தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாயில் விரித்து மூன்று பேருக்கு இடம் பிடித்தார். சூடு ஆறும் முன்னால் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டது மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அதன் பிறகு வீடு கடிகாரம்போல் ஓடியது. "நாற்காலியின் மேல் ஈரத் துண்டை விட்டுச் சென்ற பயணி உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளவும்" என்பாள். புருஷன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, "நல்ல வேளை, யாரும் எடுத்துட்டுப் போகலை" என்று துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார். குளியலறையில் நெடுநேரம் நிற்கும் வாகனத்தை உடனே வெளியே எடுக்கச் சொன்னால் மகள் வெளியே வருவாள். மாமியாரின் மருந்து வேளைக்கு வேளை அறிவிக்கப்பட்டது. அந்த அம்மாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி எந்த வண்டியில வருது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்.

ஆனால் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துப் பழகியவள் அவள். சில நாளில் ஒன்றைக் கவனித்தாள். அறிவிப்பு வரும்போது மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். சுவரும் கூரையும் சேரும் மூலை ஒன்று இருந்தது. ஒட்டடையைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அங்கேதான் பார்த்தார்கள். துண்டுக்கு நன்றி சொன்னதும் அந்த மூலைக்குத்தான்.

வடிகஞ்சி தெறித்து அவள் கை கொப்பளித்த அன்று அது உறுதியாயிற்று. வலியோடுதான் சாப்பாட்டை அறிவித்தாள். வரிசையில் தட்டோடு நின்ற புருஷன் மகளிடம் சொன்னார்.

"இன்னைக்கு அந்தம்மா குரல் கொஞ்சம் கம்மியிருக்கு, கவனிச்சியா?"

"எந்தம்மா?"

"அதான், அறிவிக்கிற அம்மா. பாவம், உடம்பு சரியில்லையோ என்னவோ."

"யாராவது பார்த்துக்கிறாங்களோ இல்லையோ" என்றாள் மாமியார், உண்மையான கவலையோடு.

அவள் கரண்டியோடு அவர்களுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். கொப்பளம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. மூன்று பேர் தட்டிலும் பரிமாறினாள். மூன்று பேரும் கரண்டியைப் பார்த்தார்கள்.

அன்றோடு அறிவிப்பதை நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். நிறுத்தினால் பழைய "ம்". நிறுத்தாவிட்டால் இந்த மூலை. இரண்டில் எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் பீரோவாவது நகரட்டும், அதற்குப் பிறகு வாயைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

விடுமுறை நாள். எல்லோரும் வீட்டில். காலைத் தேநீர் முடிந்ததும் நிலைக்கட்டை ஆணியை அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சமையலறைச் சன்னல் நடைமேடையில் நிற்கும் பீரோ இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

வந்துவிட்டார்கள். மாமியார் நல்ல சேலை கட்டிக்கொண்டு, இடுப்பில் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். "வழியனுப்பாம இருக்க முடியுமா? எத்தனை வருஷம் நம்மகூடவே இருந்தது." புருஷன் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, உன் பீரோ கிளம்புது." அந்தப் பக்கத்திலிருந்து "எந்த பீரோ?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தள்ளுவதற்குத் தயாராக பீரோவின் ஓரத்தில் நின்றாள். அவர்கள் வரவில்லை. மூவரும் சமையலறைத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பீரோவைப் பார்த்தார்கள்.

காத்திருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த தவறு உறைத்தது. புறப்படும் என்று சொல்லியாயிற்று. புறப்படும் என்று சொன்ன வண்டியை எந்தப் பயணியும் எழுந்துபோய்த் தள்ளுவதில்லை. வண்டி புறப்படும் என்று உட்கார்ந்திருப்பான்.

"டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார்" என்றார் புருஷன்.

"இப்படித்தான்" என்றாள் மாமியார். "சற்று நேரம்னு சொன்னாங்கன்னா நாம ஒரு பிரசவத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்."

நேரம் போயிற்று. பீரோ கிளம்புவதாக இல்லை. புருஷன் எழுந்துபோய்க் கையால் தைக்க வேண்டிய ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். மகளின் போனில் சார்ஜ் தீர்ந்தது. பொழுது போகாமல் பாட்டியின் மடியில் கிடந்த பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். அவள் அவர்களைச் சுற்றிக்கொண்டு, கால்களைத் தாண்டிக்கொண்டு மத்தியானச் சமையலைப் பார்த்தாள்.

"இங்க என்ன இப்படி வேகுது" என்றாள் மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டு. "பகல்லயே பல்பு எரியுது. இந்த நடைமேடைக்குக் காத்தே கிடையாதா?"

"புகாருக்கு யார்கிட்ட சொல்றது பாட்டி?"

"யார் கேட்கிறாங்க. சொன்னா காதுல போட்டுக்கிற ஆளா இருக்காங்க இந்தக் காலத்துல?"

புருஷன் சிரித்தார். சட்டை தைக்க வந்த ஒருவர், தொப்பை குறையப்போகிறது என்று சத்தியம் செய்து இறுக்கமாகத் தைக்கச் சொன்ன கதையைச் சொன்னார். அவர் மறுபடி வந்து, சட்டை சுருங்கிவிட்டது என்று துணியின் மேல் பழி போட்டாராம். மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மகள் சிரித்த சிரிப்பில் பூண்டுத் தோல் பறந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அவளும் சிரித்தாள். தன் வீட்டில் நடப்பதை ஓட்டையில்லாமல் நேராகவே பார்க்கிறோம் என்று தோன்றியது. புறப்படவே வேண்டாம், பீரோ இப்படியே நிற்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய நினைப்பை அதட்டி நிறுத்தினாள்.

உலை கொதித்து அடங்கிய பிறகு புருஷனுக்குப் பொறுமை போயிற்று. ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்தார். வண்டி தாமதமானால் பயணி என்ன செய்வான்? யாரையாவது விசாரிப்பான். விசாரிக்கிறவன் கூரையைப் பார்த்து விசாரிக்க மாட்டான், ஆளைத் தேடுவான். அவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பருகே ஒருத்தி நின்றாள். கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த பீரோ எப்பதான் கிளம்பும்?"

பதில் மைக் குரலில்தான் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் குரலில் சொன்னால் அவர் பார்வை மேலே போய்விடும். வீட்டுக் குரலில் சொன்னால் காதில் விழாமலே போகலாம். ஆனாலும் வருஷக்கணக்கில் யாருக்கும் கேட்காத அதே குரலில் சொன்னாள்.

"அதுவா கிளம்பாதுங்க. தள்ளணும்."

அவர் "ம்" என்பதற்கு உதட்டைச் சேர்த்தார். சேர்த்த உதடு பிரிந்தது.

"என்ன சொன்ன?"

"தள்ளணும்னேன்."

"தள்ளணுமா?" அவர் திரும்பினார். "அம்மா, இதைத் தள்ளணுமாம்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் மாமியார், கையை ஊன்றி எழுந்துகொண்டே. "எத்தனை வண்டியை இறங்கித் தள்ளியிருக்கோம். சொல்லியிருந்தா காலையிலயே தள்ளியிருப்போமே."

"சொன்னேன் அத்தை."

"எப்போ?"

"தினமும்."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தினமும் சொன்னா எப்படிம்மா கேட்கும்?" என்றாள். "ஒரு நாளைக்குச் சொல்லியிருந்தா கேட்டிருக்கும்."

அதற்குள் புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். "கை என்னாச்சு?"

"கஞ்சி கொட்டிடுச்சு. போன வாரம்."

"சொல்ல மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதை அவரே ஒரு கணம் யோசித்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "நீ தள்ள வேண்டாம். தள்ளி நில்லு."

கடப்பாரை வந்தது. சிமெண்ட் பெயர்ந்தது. தந்தையும் மகளும் தோள் கொடுக்க, மாமியார் ஒதுங்கி நின்று, "ரைட்… ரைட்… ஹோல்டான்… ரைட்" என்று நடத்தினாள். பீரோ ஒரு முறை முனகிவிட்டு நகர்ந்தது. நகர்ந்த அதிர்ச்சியில் கதவு தானாகவே திறந்துகொண்டது. உள்ளே அதன் சாவி மட்டும் இருந்தது. இத்தனை வருஷம் கடகடவென்று உருண்டது அதுதான்.

அதை இழுத்துக்கொண்டுபோய் டிவிக்கு எதிரே நிறுத்தினார்கள். "ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்" என்றாள் மாமியார்.

துருப்பிடித்த கொக்கியை அவள்தான் திறந்தாள். மரம் எதுவும் இல்லை. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே மேலிருந்து ஒரு கோடு வெளிச்சம் இறங்கி அவள் அடுப்பில் பாதியை நனைத்தது. சுவரில் நேர் எதிரே ஒரு சன்னல். திறந்த சன்னல்தான், ஆனால் உட்பக்கமாக எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார்கள். சாம்பல் நிற இரும்புத் தகடு. ஒரு பீரோவின் முதுகு.

"இதுக்காகவா?" என்றார் புருஷன் மெதுவாக.

அவள் பதில் சொல்வதற்குள் தகட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அலுப்பும் ஆசையும் கலந்த குரல். "ஏங்க, இதைக் கொஞ்சம் நகர்த்துங்களேன். எத்தனை நாளா கேட்கிறேன்." தொலைவில், செய்தித்தாள் புரளும் சத்தத்தோடு ஓர் ஆண் குரல். "ம்."

புருஷன் காது மடல் சிவந்தது. மாமியாருக்கு அப்படியொன்றும் ஆகவில்லை. அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

"யாருப்பா அது? அந்தப் பொண்ணு நாயா கத்துது, உன் காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? வீட்டுல இருக்கிறவ சொல்றதைக் கேட்கிறதைவிட என்ன வேலை உனக்கு? எழுந்து தள்ளு. அதுவா கிளம்பாது."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. யாரோ மூச்சு வாங்கினார்கள். தகடு ஒரு சாண் நகர்ந்து நின்றது. அந்த இடுக்கில் பாதி முகமும், கரண்டி பிடித்த ஒரு கையும் தெரிந்தன. தெருவில் எத்தனையோ முறை எதிரெதிரே தலையைக் குனிந்துகொண்டு போன முகமாக இருக்கலாம். அடையாளம் தெரியவில்லை.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்கக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. பின்னால் புருஷனும் மாமியாரும் மகளும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றது அந்தப் பாதி முகம். "இப்பதான் குழம்பு கொதிக்குது. நீங்க?"